எண்ணைத் தேர்ந்தெடுப்பது யார்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. புது வீட்டில் சாமான்களெல்லாம் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டனவா? இங்கே நாங்கள் நலம். பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று எனக்கு நாள் போவதே தெரியவில்லை. இந்த செமஸ்டரில் நான் எடுத்திருப்பதும் டிஸ்க்ரீட் மேத்ஸ்தான், முழு எண்கள், தர்க்கம், நிறுவல் என்று போகிற அந்தக் கணிதம். உன் மகள் முதலாண்டிலேயே அதில் திணறுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். மற்ற சேதிகள் கிடக்கட்டும், முதலில் அவள் விஷயத்தைப் பேசிவிடுகிறேன்.

நீ அனுப்பிய விடைத்தாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் இரட்டைப்படை எண் வரும் என்று நிறுவச் சொல்லியிருக்கிறார்கள். ஒற்றைப்படை எண் என்றால் 2க + 1 என்று தொடங்கியிருக்கிறாள். அது சரி. அடுத்த வரியில் (2க + 1) + (2க + 1) = 4க + 2, இது இரண்டின் மடங்கு, எனவே இரட்டைப்படை என்று முடித்துவிட்டாள். "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, எதற்குப் பாதி மார்க்கைக் குறைத்தார்கள்?" என்று கோபமாகக் கேட்டிருக்கிறாய்.

திருத்தியவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. அந்த 4க + 2-ஐக் கொஞ்சம் உற்றுப் பார். க எந்த முழு எண்ணாக இருந்தாலும் அது நான்கால் வகுபடாது. அப்படியானால் அவளுடைய நிறுவல் இன்னொன்றையும் சேர்த்தே நிறுவிவிடுகிறது: எந்த இரண்டு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினாலும் நான்கின் மடங்கு வரவே வராது என்று. ஆனால் 1 + 3 = 4. பொய்யான ஒன்றையும் நிறுவிக் கொடுக்கிற நிறுவலை எப்படி ஏற்பது? இரண்டு எண்களுக்கும் ஒரே எழுத்தைப் போட்டதால், ஓர் எண்ணை அதே எண்ணோடு கூட்டுகிற நிலையை மட்டுமே அவள் பார்த்திருக்கிறாள். 2க + 1, 2ச + 1 என்று எழுதியிருந்தால் கூட்டுத்தொகை 2(க + ச + 1) ஆகியிருக்கும், முழு மார்க்கும் கிடைத்திருக்கும்.

இதை எழுத்துப் பிழை மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவளிடம் சொல். இந்தப் பாடத்தின் உயிரே அந்த இடத்தில்தான் இருக்கிறது. பள்ளிக் கணக்கில் எண்ணைக் கேள்வித்தாள் கொடுத்துவிடும், நாம் விடையைக் கண்டுபிடித்தால் போதும். நிறுவலில் அப்படியில்லை. எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள். அவர் நம்மை மடக்கவே வந்தவர். "எல்லா எண்களுக்கும்" என்று கூற்றில் வந்தால் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருடையது. "ஓர் எண் இருக்கிறது" என்று வந்தால் உரிமை நம்முடையது. அவர் இரண்டு ஒற்றைப்படை எண்களை எடுத்து வைக்கும்போது, "இரண்டையும் ஒன்றாகவே எடு" என்று சொல்ல நமக்கு அதிகாரம் கிடையாது.

யார் முதலில் எடுக்கிறார் என்பதும் முக்கியம். "ஒவ்வோர் எண்ணுக்கும் அதைவிடப் பெரிய ஓர் எண் உண்டு" என்ற கூற்றில் அவர் முதலில் எடுக்கிறார். அவர் எடுத்ததோடு ஒன்றைக் கூட்டி நான் வைப்பேன், ஜெயித்துவிடுவேன். "எல்லா எண்களையும்விடப் பெரிய ஓர் எண் உண்டு" என்றால் நான் முதலில் எடுக்க வேண்டும். இப்போது ஒன்றைக் கூட்டி வைப்பவர் அவர். சொற்கள் ஏறக்குறைய அவைதான், வரிசை மட்டும் மாறியது, மெய் பொய்யாகிவிட்டது. இதைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் பாடத்தின் மற்ற பகுதிகள் எனக்குத் திறந்தன.

"பத்துப் பதினைந்து எண்களைப் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது" என்பது ஏன் போதாது என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. 1772-இல் கணித மேதை ஆய்லர் எடுத்துக்காட்டிய ஒன்று உண்டு. ஓர் எண்ணை எடு, அதன் வர்க்கத்தோடு அதே எண்ணைக் கூட்டு, பிறகு 41-ஐக் கூட்டு. 0-இல் தொடங்கி 39 வரை எதைப் போட்டாலும் பகா எண்தான் வரும். எதிராளி 40-ஐ எடுத்தால் 1681 வருகிறது, அது 41 × 41. நாற்பது முறை சரியாக வந்த ஒன்றைக் கையால் போட்டுப் பார்த்தவர் நம்பாமல் என்ன செய்வார்? ஆனால் எதிராளிக்கு ஓர் எண் போதும்.

அடுத்து அவளுக்குத் தொகுத்தறிதல் வரும், ஒரு கூற்று எல்லா எண்களுக்கும் உண்மை என்று ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் போய் நிறுவுகிற முறை. அதை ஒரு சடங்காகச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்: ஒன்றுக்குச் சரிபார், க-வுக்கு உண்மை எனக் கொள், க + 1-க்கு நிறுவு. அந்த முறையை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிடலாம். எனக்குப் பெரிய ஆச்சரியத்தைக் கொடுத்தது வேறு ஒன்று. முதல் சில ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் முழு வர்க்கம் வரும், 1, 4, 9, 16 என்று. "கூட்டுத்தொகை ஒரு முழு வர்க்கம்" என்பதை மட்டும் தொகுத்தறிதலால் நிறுவ முயன்று பார். க எண்கள் வரை கூட்டியது ஏதோ ஒரு வர்க்கம் என்று கொள்கிறோம். அடுத்து வரும் ஒற்றைப்படை எண் 2க + 1. ஏதோ ஒரு வர்க்கத்தோடு அதைக் கூட்டினால் மறுபடி வர்க்கம் வரும் என்று எப்படிச் சொல்வது? வழியே இல்லை. இப்போது கூற்றையே பலப்படுத்து: கூட்டுத்தொகை ஏதோ ஒரு வர்க்கம் இல்லை, அது க-வின் வர்க்கமேதான். உடனே க² + 2க + 1 = (க + 1)² என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. சிறிய கூற்றை நிறுவ முடியவில்லை, அதைவிடப் பெரியதை நிறுவ முடிகிறது! பெரிதாகக் கேட்டால் கையில் கிடைக்கும் எடுகோளும் பெரிதாகிவிடுகிறது, காரணம் அவ்வளவுதான். நீ ப்ரோகிராமில் லூப் எழுதும்போது எந்த நிபந்தனை ஒவ்வொரு சுற்றிலும் மாறாமல் நிற்கிறது என்று தேடுவாயே, அங்கேயும் நீ செய்வது இதைத்தான். அவளுக்கு இதை என்னைவிட நீயே நன்றாகச் சொல்லிக் கொடுக்கலாம்.

உனக்காகவும் ஒன்று எழுத வேண்டும். எந்த ஆறு பேரை ஒரு அறையில் உட்கார வைத்தாலும், ஒருவரையொருவர் அறிந்த மூவரோ, ஒருவரையொருவர் அறியாத மூவரோ அதில் கட்டாயம் இருப்பார்கள். நீ உடனே ப்ரோகிராம் போட்டுவிடுவாய் என்று தெரியும். ஆறு பேரில் 15 ஜோடிகள், ஒவ்வொரு ஜோடியும் அறிந்ததாகவோ அறியாததாகவோ இருக்கலாம், ஆக மொத்தம் 32,768 நிலைகள். கம்ப்யூட்டருக்கு அது கண் சிமிட்டும் நேரம். ஆனால் இப்படிப் பார்: ஒருவரை மட்டும் எடுத்துக்கொள். மீதி ஐந்து பேரை அவர் அறிந்தவர், அறியாதவர் என்று இரண்டாகப் பிரித்தால் ஏதாவது ஒரு பக்கம் குறைந்தது மூன்று பேர் விழுவார்கள். மூன்று பேர் அறிந்தவர்கள் என்று வை. அந்த மூவரில் யாராவது இருவர் ஒருவரையொருவர் அறிந்திருந்தால், அவர்களோடு நம் ஆளையும் சேர்த்து மூவர் ஆயிற்று. யாருமே அறிந்திருக்கவில்லை என்றால் அந்த மூவரே அறியாத மூவர். மறுபக்கத்துக்கும் இதே வாதம், சொற்களை மாற்றிப் போட்டால் போதும்.

ஐந்து பேர் இருந்தால் இது நடக்கவேண்டிய கட்டாயமில்லை. வட்டமாக உட்கார வைத்து, பக்கத்தில் இருப்பவர்களை மட்டும் ஒவ்வொருவரும் அறிவார் என்று வைத்துப் பார். மூவருக்குப் பதில் ஐவர் வேண்டும் என்று கேட்டால் எத்தனை பேரைக் கூட்ட வேண்டும் என்பதற்குச் சரியான எண் இன்றுவரை யாருக்கும் தெரியாது. 32,768-ஐ ஓட்டிப் பார்த்த ப்ரோகிராம் அங்கே கை கொடுக்காது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மார்க் குறைந்ததற்காக அவள் சோர்ந்துபோகக் கூடாது. எந்த வரைபடத்தையும், எல்லையைப் பகிரும் நாடுகளுக்கு வெவ்வேறு நிறம் வரும்படி, நான்கே நிறங்களால் தீட்டிவிடலாம் என்பதை 1879-இல் ஆல்ஃபிரட் கெம்ப் நிறுவிக் காட்டினார். எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். 1890-இல்தான் பெர்சி ஹீவுட் அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். பதினோரு வருஷம் தேர்ந்த கணித வல்லுநர்கள் கண்ணிலேயே அது படவில்லை. ஆனால் கெம்பின் உழைப்பு வீணாகவில்லை. அதே வழியில் போய் ஐந்து நிறங்கள் போதும் என்பதை ஹீவுட் பிழையின்றி நிறுவினார். நான்கு நிறத்துக்கு அப்பெல், ஹாக்கன் இருவரும் 1976-இல் கம்ப்யூட்டரின் துணையோடு வழி கண்டார்கள்.

எப்படிப் படிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். நிறுவலைக் கதைபோல வாசித்துவிட்டுப் போனால் எல்லாம் புரிந்ததுபோல இருக்கும். தேற்றத்தை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, தானே எழுத முயல வேண்டும். எங்கே முட்டுகிறதோ அங்கே திறந்து ஒரு வரி மட்டும் பார்க்கட்டும், மறுபடி மூடட்டும். தொடங்கவே தெரியவில்லை என்றால் கேள்வியில் உள்ள ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் வரையறையை எழுதட்டும். முதலாண்டுக் கணக்குகளில் பாதிக்கு மேல் அதிலேயே அவிழ்ந்துவிடும். நேராகப் போய் முடியாவிட்டால் மறுத்துப் பார்க்கலாம். ஓர் எண்ணின் வர்க்கம் இரட்டை என்றால் அந்த எண்ணும் இரட்டை என்று நேராக நிறுவுவது சங்கடம். எண் ஒற்றை என்றால் வர்க்கமும் ஒற்றை என்று திருப்பினால் சட்டென்று முடியும்.

அவளுக்கு ஒரு கணக்கு கொடுக்கிறேன். எட்டிலிருந்து தொடங்கி எந்த முழு எண்ணையும் 3, 5 இரண்டையும் மட்டும் வேண்டிய தடவை பயன்படுத்திக் கூட்டி எழுதலாம் என்று நிறுவட்டும். 7 ஏன் முடியாது என்பதையும் தனியாக எழுதட்டும். நீ குறுக்கே புகுந்து உதவி செய்யாதே. எழுதியதைப் படமெடுத்து அனுப்பச் சொல். இடறுகிற ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் "ஏன்?" என்று எழுதித் திருப்பி அனுப்புகிறேன், அவள் பதில் எழுதட்டும். எனக்கும் தேர்வு வருகிறது, ஞாயிறு காலையில் மட்டும் ஓய்வாக இருப்பேன். அப்போது அவளையே போனில் கூப்பிடச் சொல்.

அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். கண்ணில் சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள்ளட்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் தோழன்