அப்பாவுக்கு, ஸ்கார்பரோவிலிருந்து

2024 நவம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். போனில் கூப்பிட்டால் அம்மா உங்களிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன். கனடாவில் கதவைச் சாத்திவிட்டார்களாமே, சித்தப்பா பையனை அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். சாத்தவில்லை, ஒருக்களித்திருக்கிறார்கள். 2025-ல் 5 லட்சம் பேருக்கு பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, தருவதாகச் சொன்னவர்கள் போன மாதம் அதை 3,95,000 ஆக்கிவிட்டார்கள். மாணவர் விசாவுக்கு ஜனவரியிலேயே உச்சவரம்பு.

காரணம் இதுதான். 2023-ல் மட்டும் இங்கே சுமார் 12.7 லட்சம் பேர் கூடினார்கள், கிட்டத்தட்ட எல்லாருமே வெளியிலிருந்து வந்தவர்கள். அந்த வருஷம் நாட்டின் மொத்த வருமானம் வளர்ந்தது, ஆனால் தலைக்கு வகுத்தால் குறைந்துவிட்டது. குறுவை நன்றாக விளைந்த வருஷம் அத்தை குடும்பமும் நம் வீட்டில் வந்து தங்கியதே, பத்தாயம் நிறைந்தும் அம்மா அளந்து அளந்து உலை வைத்தாளே, அந்தக் கதைதான். அத்தையும் மாமாவும் சேர்ந்து நட்டதால்தான் அந்த விளைச்சலே என்பதை இங்கே யாரும் பேசுவதில்லை.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், இரவு ஷிப்ட்டில் இந்த நாட்டில் பிறந்தவர் ஒருவர்கூட இல்லை. பிலிப்பைன்ஸ், நைஜீரியா, கேரளா, அப்புறம் நான். 2023 கணக்குப்படி இங்கே ஒரு பெண்ணுக்கு சராசரியாக 1.26 குழந்தை, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு 65 வயதுக்கு மேல். 91 வயது தாத்தா ஒருவர், டிவியைப் பார்த்துக்கொண்டே "ஆட்கள் அதிகமாகிவிட்டார்கள்" என்கிறார், நான் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவர் சொல்வதும் முழுப்பொய் இல்லை. நாங்கள் பேஸ்மென்ட்டில், அதாவது வீட்டுக்கு அடியில் உள்ள நிலவறையில், ஐந்து பேர், ஒரே ஜன்னல், பனி கொட்டினால் அதுவும் மூடிக்கொள்ளும். வீட்டுக்கார அம்மா யாழ்ப்பாணம், "நாங்கள் வரேக்குள்ள வேலையும் இருந்தது, வீடும் இருந்தது தம்பி" என்பார். எனக்குக் கோபம் ஆட்களை இறக்கிவிட்டு வீடு கட்ட மறந்தவர்கள் மேல்தான். 2019-ல் இந்த ஒன்டாரியோ மாகாண அரசு உள்ளூர் மாணவர்களின் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்து அப்படியே நிறுத்தியது, அந்தப் பள்ளத்தை நிரப்பக் கல்லூரிகள் பல மடங்கு கட்டணத்துக்கு வெளிநாட்டு மாணவர்களான எங்களைப் பிடித்துவந்தன.

சரி, தம்பி விஷயம். வயலை அடகு வைத்து பிசினஸ் டிப்ளமாவுக்கு வர வேண்டாம். இந்த 2024-ல் மாணவர் விசாவுக்குக் கணக்கில் காட்டவேண்டிய பணமே 20,635 கனடா டாலர், கட்டணம் தனி. எலக்ட்ரீஷியன் வேலைதானே பார்க்கிறான், அந்தத் தொழிலை வைத்தே வர முயலட்டும்; இரண்டு வருஷ அனுபவம் சேரட்டும், ஆங்கிலப் பரீட்சையும் எழுதட்டும். ஏஜென்ட்டிடம் கொடுத்த முன்பணத்தைச் சித்தப்பா உடனே திருப்பிக் கேட்கட்டும்.

பேஸ்மென்ட் விஷயம் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். 'கீழ்வீடு' என்று சொல்லிவைத்திருக்கிறேன்.