சித்தப்பாவின் பணத்தைக் காப்பாற்றிய தம்பிக்கு

சேலத்தில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்க்கும் தம்பி, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் சித்தப்பா வந்துவிட்டார், அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

யூடியூப் நேரலையில் எலான் மஸ்க் பேசுகிறார், மூலையில் ஒரு கியூஆர் கோடு, அனுப்புகிற பிட்காயின் இரண்டு மடங்காகத் திரும்பி வரும் என்று கீழே எழுத்து ஓடுகிறது. அதற்குப் பணம் போடத்தான் சித்தப்பா உங்களிடம் உதவி கேட்டிருக்கிறார். நீங்கள் சிரிக்கவில்லை, திட்டவில்லை. கடையில் அவ்வளவு கூட்டம் இருந்தும் அவரை உட்காரவைத்து, அது ஏதோ பழைய பேட்டியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது என்று காட்டி, அப்புறம் பணம் போய்ச் சேரும் அந்த வாலெட் முகவரியை, பிட்காயின் வரவு செலவை யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பிளாக்செயின் தளம் ஒன்றில் போட்டுத் திறந்திருக்கிறீர்கள். பல பேரிடமிருந்து பணம் வந்திருக்கிறது, அனுப்பிய ஒருவருக்குக்கூடத் திரும்பிப் போகவில்லை. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

2020 ஜூலையில் ஒபாமா, பில் கேட்ஸ் போன்றவர்களின் நிஜமான ட்விட்டர் கணக்குகளையே கைப்பற்றி இதே ஆசையைக் காட்டி ஒரு லட்சம் டாலருக்கு மேல் சுருட்டினார்கள் என்றும் சொன்னீர்களாம். நீல டிக் இருந்தாலே நம்பிவிடுகிற எங்கள் வீட்டுக்கு அது அவசியம் தேவைப்பட்டது.

பிட்காயின் ஒருமுறை போனால் போனதுதான், நிறுத்தச் சொல்ல வங்கி மேலாளர் யாரும் இல்லை. யாராவது ஏமாந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்கச் சொல்லி நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டைச் சித்தி காலண்டர் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார்.

தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் தம்பி அது. ரொம்ப ரொம்ப நன்றி. பத்திரிகை வைக்கச் சித்தப்பா கடைக்கே வருவார், கண்டிப்பாக வந்துவிடுங்கள்.