இடுப்பளவு எடுங்கள், அதோடு விட்டுவிடாதீர்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறையினருக்கு வணக்கம்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அதே வாசலில் ரத்தக் கொழுப்பையும் கவனியுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

2023-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இந்தியாப்’ (INDIAB) ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 81.2 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு வகையில் ரத்தக் கொழுப்புக் கோளாறு இருக்கிறது. சர்க்கரை நோயோ 11.4 சதவீதம் பேருக்குத்தான். கொழுப்புக் கோளாறு உள்ள இத்தனை பேரையும் உடனே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப முடியாதுதான். யாரை முதலில் அனுப்புவது என்று முடிவுசெய்ய இடுப்பை அளக்கும் ஒரு டேப் உதவும்.

முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பைக் கணிக்கும் தேசியப் படிவத்தில் இடுப்புச் சுற்றளவுக்கு ஏற்கெனவே இடம் உண்டு. ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் மதிப்பெண் கூடும். ஆனால் அந்தப் படிவம் முக்கியமாகத் தேடுவது சர்க்கரை, பிரஷர், புற்றுநோய் ஆகியவற்றை. எடுத்த அளவு அத்தோடு வீணாகிறது என்பதே என் ஆதங்கம்.

எடையை மட்டும் நம்ப வேண்டாம். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடல்வாகு நம்மிடம் சகஜம், உயரத்தையும் எடையையும் மட்டும் வைத்துப் போடும் பி.எம்.ஐ. கணக்கு அதைத் தவறவிடும். சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டுகிறதா என்று பார்ப்பது எளிது. 160 சென்டிமீட்டர் உயரம் என்றால் 80. பேன்ட் சைஸைக் கேட்டு எழுதிக்கொள்வது அளவாகாது, பலர் அதைத் தொப்பைக்குக் கீழேதான் போடுகிறார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். பெண்களுக்கு உள்ளறையில், பெண் தன்னார்வலரே அளக்கட்டும்.

அப்புறம், டேப்பால் முடியாததும் உண்டு. பெருத்த வயிறு பெரும்பாலும் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கூடுவதையும் நல்ல கொழுப்பு குறைவதையும் காட்டும். கெட்ட கொழுப்பை அந்த அளவுக்குக் காட்டாது. பரம்பரையாகக் கொலஸ்டிரால் ஏறும் குடும்பங்களில் ஒல்லியானவர்களுக்கும் இளம் வயதிலேயே மாரடைப்பு வரும். “அளவு சரியா இருக்கு, கவலைப்படாதீங்க” என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வருவது ஆபத்து. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயதில் மாரடைப்பு வந்ததா என்று கட்டாயம் கேட்க வேண்டும். ஆம் என்றால் இடுப்பளவு எதுவானாலும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு முதல் பரிசோதனையை வெறும் வயிற்றில் செய்யத் தேவையில்லை என்பதால் கூலி வேலைக்குப் போகிறவர்களும் வரலாம்.

அளவைத் தாண்டியவர்களுக்கும் குடும்பத்தில் மாரடைப்பு உள்ளவர்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவச லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனை என்று ஓர் உத்தரவு போடுங்கள். முடிவு வந்தபின் மறுபடி அந்த வீட்டுக்குப் போக வேண்டியவர் யார் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.