கணினிப் பக்கத்துக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹோஸ்ட் கணினியிலுள்ள, அதாவது வேர்ச்சுவல் சர்வர் ஓடும் நிஜக் கணினியிலுள்ள, பார்ட்டிஷனை (டிஸ்க்கின் ஒரு பிரிவை) லினக்ஸ் வேர்ச்சுவல் சர்வருக்குள் மவுண்ட் செய்வது (கோப்புகளைத் திறக்கும்படி இணைப்பது) எப்படி என்று சென்ற ஞாயிறு வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். டிஸ்க்கைக் காட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே மவுண்ட் செய்யுங்கள், வெளியேயும் அப்படியே பாவிக்கலாம் என்று பதில் போட்டிருந்தீர்கள். தயவுசெய்து அதைத் திருத்துங்கள். அதையே செய்து நட்டப்பட்டவன் நான்.

ஹட்டனுக்குக் கிட்ட, எங்கள் தோட்டத்து வாசிகசாலைக் கணினியில் ஆட்களின் பழைய கடதாசிகளை ஸ்கேன் செய்து வைக்கிறேன். பிறப்புப் பத்திரம், செக்ரோல் (தோட்ட வேலையாட்களின் வரவு, சம்பளப் பதிவேடு) பக்கம், 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கொடுத்த பிரஜாவுரிமை விண்ணப்பங்களின் பிரதி. 1948இல் பிரஜாவுரிமை பறிபோன குடும்பங்களுக்கு ஒரு துண்டுக் கடதாசி என்ன பெறுமதி என்று உங்கள் வாசகர்களுக்குத் தெரியும்.

அந்தப் படங்கள் இருந்த பார்ட்டிஷன் ஹோஸ்டில் மவுண்ட் ஆகியிருக்கும்போதே கேவிஎம் சர்வருக்குள்ளும் (தனிக் கணினி போலவே ஓடும் வேர்ச்சுவல் சர்வர்) மவுண்ட் செய்தேன். இரண்டு நாள் ஒரு குறையும் தெரியவில்லை. மூன்றாம் நாள் பாதிக் கோப்புறைகள் திறக்கவில்லை. டிஸ்க்கிலுள்ள கோப்பு அமைப்பின் பிழைகளைத் திருத்தும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டினேன். மீண்ட படங்கள் எல்லாம் வெறும் ஐநோட் எண்களோடு (கோப்புக்குக் கணினி வைக்கும் உள் எண்) ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன. ஆளின் பேர், தோட்டத்தின் பேர், ஆண்டு என்று நான் எழுதிவைத்த ஒன்றும் மிஞ்சவில்லை. இது யாருடையது, இது யாருடையது என்று படங்களைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாக நடந்தேன். சிலதை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இப்போது உயிரோடு இல்லை.

கேவிஎம் சர்வருக்குத் தனிக் கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) உண்டு. எந்த இடம் காலி என்ற கணக்கை ஒவ்வொரு கேர்னலும் தன் நினைவகத்திலேயே வைத்திருக்கும். மற்றது எழுதியது அதற்குத் தெரியாது. ஆகவே ஒன்றின் கோப்பின் மேல் மற்றது எழுதிவிடும். எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு அமைப்பு ஒரே நேரத்தில் இரண்டு கேர்னல்கள் கையாளச் செய்யப்பட்டதல்ல. வாசிப்புக்கு மட்டும் மவுண்ட் செய்தாலும் முடியாத ஜேர்னலை (எழுதவேண்டிய மாற்றங்களின் குறிப்பேடு) அது டிஸ்க்கில் எழுதி முடிக்கப் பார்க்கும். அதனால் ஹோஸ்டில் அன்மவுண்ட் செய்துவிட்டு முழுதாக ஒப்படைக்க வேண்டும். இரண்டு பக்கமும் தேவையென்றால் என்எஃப்எஸ் (வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் முறை) வழியாகப் பகிர வேண்டும்.

எல்எக்ஸ்சி கன்டெய்னர் என்றால் கதை வேறு. ஹோஸ்டுக்கும் அதற்கும் கேர்னல் ஒன்றுதான். ஹோஸ்டில் ஒருமுறை மவுண்ட் செய்து, அந்தக் கோப்புறையை பைண்ட் மவுண்ட்டாக (அதே கோப்புறையை இன்னோரிடத்திலும் காட்டுவது) உள்ளே கொடுத்தால் போதும். உள்ளே எழுத முடியாவிட்டால் உரிமையாளர் எண்ணைப் பாருங்கள்: உரிமை குறைந்த கன்டெய்னரின் ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்), வெளியே வழக்கமாக 100000 என்ற எண்ணாகத்தான் தெரியும். கணினி எழும்பும்போது மவுண்ட் செய்யவேண்டியவற்றின் பட்டியலான எஃப்எஸ்டேப்பில் எஸ்டிபி1 போன்ற பேரை எழுதாமல், பார்ட்டிஷனின் தனி அடையாள எண்ணான யூயூஐடியை எழுதுங்கள். கரண்ட் போய் வந்து கணினி திரும்ப எழும்பும்போது டிஸ்க்கின் பேர் மாறிவிடலாம்.

ஓ.எல். எழுதிய பிள்ளைகள் எங்கள் கணினியில்தான் லினக்ஸ் பழகுகிறார்கள். அவர்கள் தமிழில் வாசிப்பது உங்கள் பக்கத்தை மட்டுமே. சென்ற வாரப் பக்கத்தையும் வெட்டிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நான் கழற்றி வைத்திருக்கிறேன். திருத்தம் வந்ததும் அந்த இடத்தில் அதை ஒட்டுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்,
ஹட்டன்.