எந்த எடைக்கு விலை என்று முதலில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாடு வளர்க்கும் விவசாயியிடமே நேராகப் போய் கால் மாடு, அரை மாடு என்று மொத்தமாகக் கறி வாங்குவது இரு தரப்புக்கும் நல்லது. மாடு என்ன தின்றது, என்ன ஊசி போட்டார்கள் என்பதை வளர்த்தவரிடமே கேட்டுக்கொள்ளலாம். அவருக்கும் தரகு இல்லாமல் பணம் கைக்கு வரும். ஆனாலும் முதல் தடவை வாங்கியவர் மனக்கசப்போடு நிற்பதும் நடக்கிறது. விலை பேசியது ஓர் எடைக்கு, வீட்டுக்கு வந்தது வேறோர் எடை என்பதுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம். வாசகர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

உயிரோடு நிற்கும்போது 500 கிலோ உள்ள ஒரு மாட்டை எடுத்துக்கொள்வோம். தலை, தோல், குளம்பு, இரத்தம், குடல் போனபின் கொக்கியில் தொங்குவது ஏறக்குறைய 300 கிலோ. எலும்பையும் மிகுதிக் கொழுப்பையும் சவ்வையும் எடுத்து, தொங்கிய நாட்களில் வற்றிய ஈரத்தையும் கழித்தால், பொட்டலமாகக் கைக்கு வருவது 200 கிலோ அளவில் நிற்கும். ஆகவே உயிர் எடைக்குக் கிலோ 60, உரித்த எடைக்கு 100, வெட்டிய கறிக்கு 150 என்று மூன்று பேர் மூன்று விலை சொன்னாலும் மொத்தத் தொகை ஒன்றேதான். 60 மலிவு என்று ஓடுவதும், 150 கொள்ளை என்று ஒதுங்குவதும் ஒரே தவறு. உரித்த எடைக்கு விலை பேசிவிட்டு, கைக்கு வந்ததில் 100 கிலோ குறைந்ததற்கு விவசாயியைத் திருடன் என்று பேசுவது பெரிய அநியாயம். வெட்டுக்கூலியும் பொட்டலம் கட்டும் கூலியும் அந்த விலைக்குள் அடக்கமா, தனியா என்பதையும் முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கால் மாடு என்றால் எந்தக் கால் பங்கு என்றும் கேட்க வேண்டும். முன்பாதியில் கழுத்து, சப்பை, நெஞ்சுக்கறி வரும். நெடுநேரம் வேக வேண்டியவை, சுவை அதிகம். பின்பாதியில் தொடையும் இடுப்பும் வரும். அண்டர்கட் எனப்படும் மென்மையான உள்கறி முழு மாட்டுக்கும் இரண்டு துண்டுதான். அரை மாட்டை இருவர் எடுத்துக்கொண்டு, முன்னும் பின்னும் கலந்து சரிபாதியாகப் பிரிப்பதே சண்டை இல்லாத வழி. ஈரல், நாக்கு, வால், சூப்பு எலும்பு வேண்டுமானால் அறுப்புக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பிறகு கேட்டால் கிடைக்காது. கொத்துக்கறி எவ்வளவு, எலும்போடு எவ்வளவு, ஒரு பொட்டலம் அரைக் கிலோவா ஒரு கிலோவா என்பதையும் வெட்டுபவரிடம் தாளில் எழுதிக் கொடுங்கள்.

அறுப்பதற்கு முந்தைய நாள் மாட்டை எப்படி நடத்தினார்கள் என்பது கறியில் அப்படியே தெரியும். நெடுந்தூரம் ஏற்றிவந்து, அடித்து, மிரட்டி அறுத்தால் தசையில் இருக்க வேண்டிய சர்க்கரைச் சத்து முன்பே தீர்ந்துபோகிறது. அறுத்தபின் அமிலமாக மாறச் சர்க்கரை இல்லாததால் தசை போதிய அளவு புளிப்பதில்லை. அந்தக் கறி கறுத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெடும். பட்டியில் ஓய்வும் தண்ணீரும் கொடுத்து அறுக்கிற இடம்தானா என்று விசாரியுங்கள். கால்நடை மருத்துவர் மாட்டை உயிரோடும், அறுத்தபின் உறுப்புகளையும் பார்த்துச் சான்று தருகிற கூடமாக இருக்க வேண்டும். ஆன்டிபயாடிக் போட்டிருந்தால் அந்த மருந்துக்கு உரிய விலக்கு நாட்கள், அதாவது மருந்து மாட்டின் உடலிலிருந்து நீங்கக் காத்திருக்க வேண்டிய நாட்கள், முடிந்தபிறகே அறுக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளத் தயங்க வேண்டாம்.

அறுத்த சூட்டோடு கறியை வாங்கிவந்து உடனே ஃப்ரீசரில் திணிப்பவர்கள் உண்டு. தசை விறைப்பதற்கு முன்பே கடுங்குளிர் பட்டால் நார் சுருங்கி இறுகிவிடும். எத்தனை விசில் விட்டாலும் ரப்பர்தான். குளிர் அறையில் 0 முதல் 4 டிகிரிக்குள் 10 முதல் 14 நாள் தொங்கினால் தசையின் நொதிகளே நாரைத் தளர்த்தி மென்மையாக்கும். அந்த வசதி இல்லாத கூடமானால் இரண்டு மூன்று நாளாவது குளிர் அறையில் வைக்கச் சொல்லுங்கள். புல் மட்டும் மேய்ந்த மாட்டின் கொழுப்பு மஞ்சளாக இருக்கும். அது பழைய கறியின் அடையாளம் அல்ல, புல்லில் உள்ள கரோட்டின் நிறம்.

இடத்தைக் கணக்கிடாமல் பணம் கட்டாதீர்கள். 50 கிலோ கறிக்கு 100 லிட்டர், 100 கிலோவுக்கு 200 லிட்டர் காலியிடம் ஃப்ரீசரில் வேண்டும். 200 லிட்டர் வீட்டு ஃப்ரீசர் ஒரு நாளில் சுமார் 10 கிலோவைத்தான் ஒழுங்காக உறையவைக்கும். 100 கிலோவையும் ஒரேயடியாக அடுக்கினால் நடுவிலுள்ள பொட்டலங்கள் நாள்கணக்கில் உறையாமல் கிடந்து கெடத் தொடங்கும். மெதுவாக உறைவதால் பெரிய பனித்துகள்கள் நாரைக் கிழிக்கும். சமைக்க எடுக்கும்போது சாறெல்லாம் வடிந்துவிடும். எனவே வெட்டும் இடத்திலேயே கல்போல் உறையவைத்த பொட்டலங்களை வாங்கி, வீட்டில் மைனஸ் 18 டிகிரியில் வைப்பதே சரி. பையில் காற்று நின்றால் கறியின் மேல்பரப்பு வறண்டு வெளுத்துச் சக்கையாகும். காற்று உறிஞ்சிக் கட்டிய பையே மேல். கொத்துக்கறியை உருண்டையாக வைக்காமல் இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் தட்டையாக அழுத்திக் கட்டினால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும்.

பொட்டலத்தின் மேல் தேதியும் துண்டின் பெயரும் எழுதுங்கள். கொத்துக்கறியை மூன்று நான்கு மாதத்துக்குள் தீர்த்துவிட்டு, பெரிய துண்டுகளைப் பிறகு எடுக்கலாம். அவை ஓர் ஆண்டு வரை சுவை குன்றாமல் இருக்கும். உறைந்த கறியை வெளியே வைத்து இளக்காமல், முந்தின நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். மின்சாரம் நின்றால் கதவைத் திறக்காதீர்கள். நிறைய அடுக்கிய ஃப்ரீசர் இரண்டு நாள் வரை தாங்கும், பாதி காலியானது ஒரு நாள்தான்.

இப்படிக்கு,
இறைச்சித் தொழிலில் உள்ள ஒரு வாசகர்