மேல்வயிற்று வலியைத் தையல் வலி என்று விட்டுவிடாதே

அன்புள்ள தோழிக்கு,

கடிதம் கிடைத்தது. மகப்பேறு வார்டு உனக்குப் பிடித்துப்போனதில் மகிழ்ச்சி. பிரசவமானவளுக்குக் கணைய அழற்சியை எப்போது சந்தேகிப்பது என்று கேட்டிருந்தாய். தொப்புளுக்கு மேலே விடாத வலி, அது முதுகுக்கும் பாய்கிறது, கூடவே வாந்தி என்றால் அப்போதே சந்தேகப்படு. சிசேரியன் தையல் இருப்பது அடிவயிற்றில். மேல்வயிறு வலிப்பதற்கு அதைக் காரணம் காட்டி ஒரு நாளைக் கழிப்பதில்தான் ஆபத்து. வலி மரக்க முதுகில் ஏற்றிய எபிடூரல் மருந்து வேலை செய்யும்வரை வலி அடங்கிக் கிடக்கவும் கூடும்.

முதலில் கணையம் சுரக்கும் நொதியான லைபேஸின் அளவு பார்க்க ரத்தம் அனுப்பு. பொருந்தும் வலி, இயல்பு உச்சவரம்பைப் போல 3 மடங்கோ அதற்கு மேலோ ஏறிய லைபேஸ் அல்லது அமிலேஸ் (இன்னொரு கணைய நொதி), ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் நோய் உறுதி. அமிலேஸ் சில நாளில் இறங்கிவிடும். தாமதமாக வருபவளிடம் லைபேஸ்தான் கைகொடுக்கும்.

மற்ற எண்களை அப்படியே நம்பாதே. பிரசவமானவளுக்குத் தொற்றே இல்லாமல் வெள்ளையணு ஏறியிருக்கும். கல்லீரல் பரிசோதனையில் வரும் அல்கலைன் பாஸ்படேஸ் நொதி ஏறியிருந்தால் அது நஞ்சுக்கொடியின் மிச்சமாக இருக்கலாம். அதனால் கல்லீரல் நொதியான ஏ.எல்.டி.யைப் பார்: லிட்டருக்கு 150 யூனிட்டைத் தாண்டினால் பித்தக்கல்லே காரணம் என்று பெரும்பாலும் சொல்லலாம். கர்ப்பத்தில் பித்தப்பை மந்தமாகச் சுருங்குவதால் அதில் பித்தச் சேறும் கல்லும் சேர்கின்றன. பிரசவமானதும் அவை போய்விடுவதில்லை.

ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடை முதல் ரத்தத்திலேயே கேள், இதை மட்டும் மறக்காதே. பட்டினி போட்டு டிரிப் ஏற்றினால் அளவு மளமளவென்று இறங்கி, காரணம் கையை விட்டுப் போய்விடும். டெசிலிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் என்றால் அதுவே காரணமாக இருக்கலாம். சீரம் பால்போல் வெளுத்திருந்தால் அமிலேஸ் பொய்யாக இயல்பு காட்டும். கால்சியத்தையும் சேர்த்துக்கொள், ரத்தப் புரதமான ஆல்புமினின் அளவுக்கேற்பத் திருத்திப் பார்.

ரத்த அழுத்தமும் பிளேட்லெட்டும் பார்க்காமல் இருக்காதே. சிவப்பணு சிதைந்து, கல்லீரல் நொதி ஏறி, பிளேட்லெட் குறையும் ஹெல்ப் (HELLP) நோய்க்குறியிலும் இதே இடத்தில்தான் வலிக்கும்.

அல்ட்ராசவுண்ட் பித்தக்கல்லுக்காக. குடல் வாயு மறைத்துக் கணையம் தெரியாவிட்டால் நோய் இல்லை என்று முடிவு கட்டாதே. பித்தக் குழாயில் கல் என்று சந்தேகமிருந்தால், அந்தக் குழாயைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனான எம்.ஆர்.சி.பி. எடு. சி.டி.யை முதல் நாளிலேயே எடுத்தால் கணையத் திசு அழுகல் தெரியாமல் போகலாம்; 3 நாள் பொறுப்பது நல்லது. குடல் துளையோ என்று ஐயமிருந்தால் மட்டும் உடனே எடு. அயோடின் கான்ட்ராஸ்ட் கொடுத்தாலும் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை.

அன்புடன்,
உன் தோழி