சார்ஜரையும் சேர்த்து எடை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டதிலிருந்து, பெங்களூருவில் சிறுதொழில் நடத்தும் என்னைப் போன்ற பலர் பழைய மடிக்கணினிகளைக் கழித்துவிட்டுப் புதியவை வாங்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறோம். அலுவலகங்களில் பரவலாகப் புழங்கும் லேப்டாப் போதுமா, கூடுதல் விலை கொடுத்து, வடிவமைப்பு போன்ற கனமான வேலைக்கென்றே செய்யப்படும் ஒர்க்ஸ்டேஷன் வகை லேப்டாப்பை வாங்க வேண்டுமா என்ற கேள்வியில்தான் எல்லோரும் வந்து நிற்கிறார்கள். கையிலிருக்கும் பணத்துக்கு எது அதிக வேகமோ அதை வாங்கிவிடுங்கள் என்று கடைக்காரர் முதல் நண்பர்கள் வரை யோசனை சொல்கிறார்கள். அந்த யோசனையைக் கேட்டு ஒருமுறையும், கேட்காமல் ஒருமுறையும் கையைச் சுட்டுக்கொண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பீன்யாவில் பிளாஸ்டிக் பொருட்களை வார்க்கும் அச்சான மோல்டும், தகட்டை வெட்டி வளைக்கும் பிரஸ் டூலும் செய்துகொடுக்கும் சிறிய பட்டறை எங்களுடையது. முதலில் எல்லோருக்கும் ஒரே மாதிரி மெல்லிய அலுவலக லேப்டாப் வாங்கினேன். கணக்கருக்கும் எனக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை, பாடுபட்டவர் வடிவமைப்பாளர்தான். அறுநூறு பாகங்களுக்கு மேல் கொண்ட ஒரு மோல்டை சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் திறந்து, உள்ளே அதைக் குளிர்விக்கும் நீர்வழி எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்காக அதைக் குறுக்கே வெட்டிக் காட்டும் தளத்தை அவர் இழுக்கும்போதெல்லாம் திரை இரண்டு மூன்று நொடி அப்படியே நின்றுவிடும். மவுஸை விட்டுவிட்டு அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மதியத்துக்கு மேல் விசைப்பலகையின் மேல்வரிசையில் விரல் வைக்க முடியாது. அதில் இருந்தது குறைந்த மின்சாரத்தில் ஓடும் 15 வாட் வகைப் பிராசசர். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. படம் வரையும் வேலைக்கும் பொது ரேமிலிருந்தே பங்கு எடுத்துக்கொள்ள வேண்டும். மெல்லிய உடலில் சூடு வெளியேற வழியில்லாததால், சூடு ஏற ஏற பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது.

அடுத்த முறை எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். விற்பனைப் பொறியாளர் உட்பட எல்லோருக்கும் 16 அங்குல ஒர்க்ஸ்டேஷன் வாங்கினேன். இயந்திரம் ஏறக்குறைய 3 கிலோ. 230 வாட் சார்ஜர் தனியாக ஒரு செங்கல். விற்பனைப் பொறியாளர் பீன்யாவில் பச்சை வழித்தட மெட்ரோவில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் மஞ்சள் வழித்தடத்துக்கு மாறி, பொம்மசந்திராவில் இறங்கி ஓசூர் பஸ் பிடிப்பவர். இரண்டு வாரம் சுமந்துபார்த்துவிட்டுச் சார்ஜரை மேசையிலேயே விட்டுப்போகத் தொடங்கினார். ஒரு நாள் ஓசூரில் வாடிக்கையாளர் முன்னிலையில் பாதி விளக்கத்தில் திரை இருண்டுவிட்டது. அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. விமானத்தில் முன் அனுமதியின்றிக் கொண்டுசெல்லக்கூடிய பேட்டரியின் அளவு 100 வாட்-மணி என்பதால், எவ்வளவு பெரிய லேப்டாப்பாக இருந்தாலும் நிறுவனங்கள் பேட்டரியை அந்த வரம்புக்குள்ளேயே நிறுத்திக்கொள்கின்றன. இயந்திரத்தின் பசி கூடுகிறதே தவிர, சோறு அதே அளவுதான்.

அப்படியானால் ஒர்க்ஸ்டேஷனுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை எதற்கு? வேகத்துக்கு மட்டும் என்றால் விளையாட்டுக்கான கேமிங் லேப்டாப்பே மலிவாகக் கிடைக்கும். லெனோவோவின் திங்க்பேட் பி வரிசை, எச்பி-யின் இசட்புக், டெல்லின் பிரிசிஷன் போன்றவற்றுக்கு மென்பொருள் நிறுவனங்களின் சான்று உண்டு: குறிப்பிட்ட மாடல், குறிப்பிட்ட கிராஃபிக்ஸ் கார்டு, அந்தக் கார்டை இயக்கும் டிரைவர் என்ற சிறு மென்பொருளின் குறிப்பிட்ட பதிப்பு ஆகியவற்றைச் சேர்த்துச் சோதித்து, இதில் எங்கள் மென்பொருள் ஒழுங்காக ஓடும் என்று அவர்கள் ஒப்புக்கொள்வது. பாகங்களை உண்மைப் பொருள்போலவே திரையில் காட்டும், சாலிட்வொர்க்ஸின் ரியல்வியூ என்ற காட்சிமுறை, அங்கீகரிக்கப்பட்ட தொழில்முறைக் கார்டு இல்லாவிட்டால் வழக்கமாகத் திறக்கவே திறக்காது. விண்டோஸ் தானாகவே வேறு டிரைவரை இறக்கிவிட்டால் இந்தச் சான்றுக்குப் பொருளில்லாமல் போகும் என்பதைக் கடையில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கார்டின் பெயரைப் பார்த்து ஏமாறவும் கூடாது. என்விடியா ஆர்டிஎக்ஸ் ஏ2000 என்ற ஒரே பெயரில், லேப்டாப்பைப் பொறுத்து 35 வாட் முதல் 95 வாட் வரை மின்சாரம் பெறும் கார்டுகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. மறுபக்கம், திங்க்பேட் பி14எஸ் என்ற ஒர்க்ஸ்டேஷன் சில தலைமுறைகளில் டி14 என்ற அலுவலக லேப்டாப்பின் உடலமைப்பிலேயே வந்தது. சான்றும் வேண்டும், தோள்வலியும் கூடாது என்பவர்களுக்கு அந்த வகை பொருந்தும். ஆனால் மெல்லிய உடலில் சூட்டின் கதை மாறிவிடாது.

மென்பொருளின் பெயரைச் சொல்வதும் போதாது. ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் இருபரிமாண வரைபடம் மட்டும் போடுபவருக்கு நல்ல அலுவலக லேப்டாப்பே தாராளம். முப்பரிமாண மாடலில் ஓர் அளவை மாற்றியதும் அது தன்னை மீண்டும் கட்டிக்கொள்ளும் வேலை பெரும்பாலும் பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் கோர்களில் ஒன்றிலேயே வரிசையாக நடப்பதால், பதினாறு கோர் இருந்தாலும் பலன் சொற்பம். ஒரு கோரின் வேகமே அங்கு முக்கியம். மாடலை நிழற்படம் போன்ற படமாக்கும் ரெண்டரிங்கில் எல்லாக் கோர்களும் உழைக்கும். பாகம் எவ்வளவு விசையைத் தாங்கும் என்று கணக்கிடும் அழுத்த ஆய்வுக்கு ரேம் போதாவிட்டால் கணக்கு டிஸ்க்குக்குப் போய் நத்தையாகிவிடும்.

இந்த ஆண்டு நான் வேறு விதமாகச் செய்தேன். பிறகு சேர்ந்து, பழைய மெல்லிய லேப்டாப்பிலேயே வேலை செய்துகொண்டிருந்த மூன்று வடிவமைப்பாளர்களில் ஒவ்வொருவர் அருகிலும் ஒரு வேலைநாள் முழுவதும் அமர்ந்து, கணினியின் எந்தப் பகுதி எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் காத்திருக்கும் ஒவ்வொரு முறையும் பிராசசர், ரேம், கிராஃபிக்ஸ் ஆகிய மூன்றில் எது முட்டி நிற்கிறது என்று தாளில் குறித்தேன். மூவரில் இருவருக்கு உண்மையிலேயே ஒர்க்ஸ்டேஷன் தேவைப்பட்டது. மூன்றாமவருக்கு ரேமைக் கூட்டியதே போதுமானதாக இருந்தது; அவருடைய மாடலில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்படாமல், மாற்றக்கூடியதாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். என் மேசையிலிருந்த பெரிய இயந்திரம் அவர்களில் ஒருவருக்குப் போயிற்று. நான் அதில் மின்னஞ்சல்தான் படித்துக்கொண்டிருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பல அலுவலகங்களில் கனமான லேப்டாப் வேலைக்காக வாங்கப்படுவதில்லை, பதவிக்காக வாங்கப்படுகிறது.

பெரியதாக வாங்கிவிட்டால் பத்து ஆண்டு ஓடும் என்ற வாதத்தையும் நான் நம்புவதில்லை. வருமான வரிக் கணக்கில் கணினிக்கு ஆண்டுதோறும் மீதி மதிப்பில் 40 சதவீதம் தேய்மானம். 1 லட்சம் ரூபாய் இயந்திரம் மூன்று முழு ஆண்டுகளில் ஏட்டில் 21,600 ரூபாயாகிவிடும். அதற்குள் பேட்டரியும் தளர்ந்திருக்கும்.

தங்கள் நாளிதழ் புதிய லேப்டாப்களை மதிப்பிட்டு எழுதும்போது, எடையைச் சார்ஜரோடு சேர்த்துக் குறிப்பிடவும், கிராஃபிக்ஸ் கார்டின் பெயருக்கு அருகில் அதன் வாட் அளவையும், அரை மணி நேரம் விடாமல் உழைத்த பிறகும் இயந்திரத்தில் மிஞ்சும் வேகத்தையும் போடவும் அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். முதல் ஐந்து நிமிட வேகத்தை விளம்பரங்களே சொல்லிவிடுகின்றன.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர் ஒருவர்,
பீன்யா, பெங்களூரு.